வாலாட்டிக்குப் புள்ளி ஏறவில்லை

உங்கள் ஆதங்கம் எங்களுக்குப் புரிகிறது. இதை நல்லசிவம் தட்டச்சு செய்யவில்லை. ஒரு விசையைத் தட்டினால் தானாக வந்து விழும் வாக்கியம் அது, பின்னாலேயே இன்னும் நாலு வாக்கியம் வரும், கடைசியில் அன்புடன் மாறன் என்று கையெழுத்தும் வரும். புகாருக்குப் பதில் எழுதும் அந்த அலுவலகத்தில் இதற்குப் பொட்டலம் என்று பெயர். கோபத்துக்கு ஒரு பொட்டலம், அழுகைக்கு ஒரு பொட்டலம், கெட்ட வார்த்தைக்கு ஒரு பொட்டலம், மளிகைக்கடைக்காரர் மாதிரி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பொழுது சாய்ந்துவிடும். மாறன் என்று அங்கே யாரும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிட்டார்கள், சொந்தப் பெயரில் பதில் எழுதினால் ஆட்டக்காரர்கள் தேடிப் பிடித்து வீட்டுக்கே வந்துவிடுவார்களாம். வந்தால்தான் என்ன, ஒரு வாய் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பலாம், வீட்டுக்கு வேறு யார் வருகிறார்கள் என்று அப்போது நினைத்தான். மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் கண்ணை இழுத்தது. ஏசிக்காற்று பிடரியிலேயே வந்து விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சரவணம்பட்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஏழ்கடல் என்று ஓர் ஆன்லைன் ஆட்டம், எந்த ஊர்க்காரன் செய்ததோ, உலகம் முழுக்க உட்கார்ந்து ஆடுகிறார்கள், அவர்களில் தமிழில் குறை சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்காக இந்த மாடியில் இரண்டு நாற்காலி, ஒன்றில் இவன், மற்றதில் ஜெசிந்தா. வயசில் பாதிதான் இருப்பாள், வேகத்தில் இரண்டு மடங்கு. இப்போது திரையில் கொதித்துக்கொண்டிருந்தவன் திருநெல்வேலிக்காரன். "ராப்பகலா அண்ணன் நண்டு அடிக்க நான் பக்கத்துல நின்னேன், ஒத்தப் புள்ளி ஏறல. ஒங்க கம்பெனி வெளங்குமாவே?" என்று கேட்டிருந்தான். விளங்காது என்றுதான் நல்லசிவத்துக்கும் தோன்றியது, ஆனால் அதற்குப் பொட்டலம் கிடையாது. உங்கள் ஆதங்கம் எங்களுக்குப் புரிகிறது. தட்டினான், போயிற்று. அடுத்தது.

அடுத்ததும் அதுதான். போன வியாழக்கிழமையிலிருந்து எல்லாமே அதுதான். ஏழ்கடலில் எதையாவது அடித்தால் அனுபவப் புள்ளி, பொடிசுகள் வாயில் எக்ஸ்பி, புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும், லெவல் ஏறினால் அடுத்த கடலுக்குப் போகலாம், இவ்வளவுதான் ஆட்டம். பெரிய லெவல் ஆள் ஒருவர் அடிக்க, அவர் குழுவில், பார்ட்டி என்பார்கள், சேர்ந்துகொண்டு சின்ன லெவல் ஆள் பக்கத்தில் நின்றாலே போதும், கிடைத்த புள்ளி இரண்டு பேருக்கும் பங்காகும். தமிழ் ஆட்டக்காரர்கள் இதை நிழலில் நிற்பது என்பார்கள். அண்ணனுக்குத் தம்பி, மாமனுக்கு மருமகன், முன்னே பின்னே தெரியாதவனுக்குக்கூட யாராவது ஒருவர் நிழல் கொடுத்துத்தான் இங்கே எல்லோரும் மேலே வந்தார்கள். ஆட்டத்தைச் செய்தவர்களுக்கு இது கண்ணை உறுத்தியிருக்கிறது. போன வியாழன் புது விதி போட்டுவிட்டார்கள், இரண்டு பேருக்கும் நடுவே பத்து லெவலுக்கு மேல் இடைவெளி இருந்தால் சின்னவருக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது, நின்றாலும் நிற்காவிட்டாலும் ஒன்றே. அன்றைக்கு ஆரம்பித்த அழுகை. ஒருவன் தன் தங்கச்சிக்காக எழுதினான், ஒரு பெண் தன் வீட்டுக்காரரைத் திட்டிவிட்டு நடுவில் ஏழ்கடலையும் திட்டினாள், ஒருவர் செத்துப்போன நண்பனுக்குக் கருமாதி நோட்டீஸ் அடிக்கிற பாணியில் தன் புள்ளிகளுக்கு இரங்கல் எழுதியிருந்தார். எல்லோருக்கும் மாறனின் அன்பு போய்ச் சேர்ந்தது. ஆட்டத்தில் பழைய விதி ஒன்று உண்டு, ஒரே இடத்தில் ஒரே நண்டைத் திரும்பத் திரும்ப அடித்தால் புள்ளி குறைந்துகொண்டே வந்து கடைசியில் நின்றுவிடும். அதைப் பற்றி மட்டும் இதுவரை யாரும் குறை எழுதியதில்லை. அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டிருக்கும் போல. இதே நாற்காலி, இதே விசை, இதே தயிர்சாதம். தனக்குப் புள்ளி எப்போது நின்றது என்று நல்லசிவம் யோசித்துப் பார்த்தான், கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்றுகூடத் தெரியவில்லை, லெவல் ஏறினால் ஒரு மணியோசை கேட்கும் ஆட்டத்தில், இவன் காதில் அப்படி எதுவும் விழுந்ததாக நினைவில்லை.

ஒரு தடவை விழுந்தது. மிருதுளா முதல் லெவல் ஏறிய வெள்ளிக்கிழமை. இவன் மகள். மஸ்கட்டில் அம்மாவோடு இருக்கிறாள். சுபாஷிணி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கிக்கொண்டு போனபோது பிள்ளை இடுப்புயரம், இப்போது அம்மா தோளைத் தொடுகிறாள் என்று போட்டோவில் தெரிகிறது. சுபாஷிணி மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் பிரிந்தவர்கள். போனில் மகளோடு பேச முடிவதில்லை, அதுதான் கஷ்டம். சாப்பிட்டியா, ம், ஸ்கூல் எப்படி, ம், அம்மா, இருக்காங்க. பத்து நிமிஷம் பேசினால் அதில் ஒன்பது நிமிஷம் மஸ்கட் ஏசியின் சத்தத்தைத்தான் கேட்பான். ஏழ்கடலில் அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை அங்கே பள்ளி விடுமுறை. இவன் அன்றைக்கு மட்டும் சீக்கிரம் கிளம்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவான். இவனுடைய ஆள் கல்தூண், பேருக்கேற்ற தடியன், கையில் கேடயம். அவளுடைய ஆள் வில்லுக்காரி, வாலாட்டி. அந்தப் பெயரை வைத்தது இவன்தான், குழந்தையில் ஓரிடத்தில் நில்லாமல் வாலாட்டிக் குருவி மாதிரி தத்திக்கொண்டே இருப்பாள். சதுப்புக்கரையில் கல்தூண் நண்டுகளை மடக்கி அடிக்கும், வாலாட்டி நிழலில் நிற்கும். "அப்பா பின்னால. அப்பா இடது பக்கம் ஒண்ணு வருது. அப்பா ஓடுங்க." ஒரு மணி நேரத்தில் எத்தனை அப்பா. அந்த அப்பாவுக்காகத்தான் வாரம் முழுக்கத் திட்டு வாங்குகிறான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கம் வேறொன்றில். அப்பா கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறான். கண்ட கண்ட பையன்களெல்லாம் ஏலே என்று கூப்பிட, அவர்களுக்கு மாறன் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு இந்த வயசில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது.

போன வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு புள்ளியும் ஏறவில்லை. ஏறாது என்று தெரியும், அதற்கு முந்தின நாள் முழுக்க அந்த விதியைத்தான் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்தான், இருந்தாலும் நம் தெருவில் மட்டும் கரண்ட் போகாது என்று நினைக்கிற மாதிரி ஒரு நினைப்பு. கல்தூண் நண்டை அடித்தது, வாலாட்டியின் தலைக்கு மேல் எண் வரவில்லை. இன்னொன்றை அடித்தது, வரவில்லை. பெரிய நண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து அடித்தது. "பரவால்லப்பா" என்றாள். அப்புறம் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரமும் வாலாட்டி நின்ற இடத்திலேயே நின்றது. தூக்கமா கண்ணு என்று கேட்டான், இல்லை என்றாள். சுபாஷிணி பக்கத்தில் இருந்திருப்பாளோ. இல்லை, பரீட்சைக் கவலையோ. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கு வருவாளா. வருவாள், வந்து அதே மாதிரி நின்றால் என்ன செய்வது. வராவிட்டால் என்ன செய்வது. முதலிலிருந்து தொடங்கி, புதுசாக ஒரு பொடியனாக அவள் பக்கத்தில் போய் நிற்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. குளிக்கும்போது வந்தது, சோப்பு போடுவதற்குள் போய்விட்டது. அப்புறம் நண்டு வந்தால் அவள்தான் இவனைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். பிள்ளைக்கு அப்பன் என்று ஒருத்தன் வேண்டியது அதற்கா. மொத்தத்தில் நிழல் கொடுக்கிறதைத் தவிர இவனால் அவளுக்கு ஆகக்கூடியது எதுவும் இல்லை, அதிலும் மண் விழுந்துவிட்டது.

மண்ணை அள்ளிப் போட்டது யார் என்று பார்த்தால் அங்கேயும் இவன் கைதான் இருக்கிறது, அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் அசந்துபோகிறது. ஒவ்வொரு புகாரையும் மூடும்போது அது எந்த வகை என்று ஒரு தலைப்பைத் தொட வேண்டும். தலைப்புகள் வரிசையாகக் கீழே தொங்கும். முதலில் இருப்பது நியாயமற்ற புள்ளிப் பங்கீடு. சரியான தலைப்பு எங்கேயோ அடியில் கிடக்கும், அதைத் தேடி உருட்டிக்கொண்டு போவதற்குள் அடுத்த ஆள் கத்த ஆரம்பித்துவிடுவான். பசி, தூக்கம், கழுத்துவலி, யார் உருட்டுவது. பாஸ்வேர்டு மறந்தவனுக்கும் நியாயமற்ற புள்ளிப் பங்கீடு, வாளைத் தொலைத்தவனுக்கும் நியாயமற்ற புள்ளிப் பங்கீடு. இவன் மட்டுமில்லை, ஜெசிந்தாவும் அப்படித்தான், மலையாள நாற்காலியும் தெலுங்கு நாற்காலியும் அப்படித்தான், ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதுகூடக் கிடையாது. எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்திருந்தவர்கள் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். அடடா, புள்ளிப் பங்கீட்டால் ஜனங்கள் இப்படித் துடிக்கிறார்களே என்று மனமிரங்கி விதியைப் போட்டுவிட்டார்கள். ஆட்டக்காரர்களின் மனசை எங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி என்று மேலாளர் பெரிய திரையில் படம் போட்டுக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். நல்லசிவமும் தட்டினான்.

"ஏனுங்ணா, டீக்கு வரலீங்களா?" ஜெசிந்தா காதிலிருந்து ஒயரைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"நீ போம்மா. இதை முடிச்சுட்டு வர்றேன்."

"எதை முடிக்கறீங்க, ஒண்ணு முடிச்சா ஒம்பது வருது. ஆறிப்போச்சுன்னா என்னைச் சொல்லக் கூடாது."

அவள் போனாள். அடுத்தது வந்தது. நேரடியாகப் பேசக் காத்திருக்கிற ஆள், பெயர் வாலாட்டி. உலகத்தில் இன்னொரு வாலாட்டி இருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தான். ஏழ்கடலில் ஒரு பெயரை ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள், அதுவும் இவனுக்குத் தெரியும். ஆங்கில வரிசையில் நின்றால் பதில் வர நாளாகும், தமிழ் வரிசையில் கூட்டம் இருக்காது என்று கண்டுபிடித்திருக்கிறாள், கெட்டிக்காரி. சொந்தக்காரர் புகார் வந்தால் தொடக் கூடாது, பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது அலுவலகத்தில் எழுதி ஒட்டிய விதி. பக்கத்து நாற்காலி டீ குடிக்கப் போய்விட்டது. அது மட்டும் காரணமில்லை. தன் மகள் எழுதியதை இன்னொருத்தி படிப்பதா என்று இருந்தது. புள்ளி ஏறவில்லை என்றுதானே எழுதியிருப்பாள், எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்டிருப்பாள், அதைப் படிக்கிற சந்தோஷத்தை ஜெசிந்தாவுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும். திறந்தான். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள்.

"ஹாய் அண்ணா. என் பார்ட்டில ஒரு சீனியர் பிளேயர் இருக்கார். அவர் இருந்தா எனக்கு எக்ஸ்பி வரல. நான் பார்ட்டிய விட்டு வெளிய வந்தா அவருக்கு மெசேஜ் போகுமா? போகாம வர்றதுக்கு வழி இருக்கா?"

சீனியர் பிளேயர். முதல் தடவை படித்தபோது அது யார் என்று நிஜமாகவே தெரியவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது அண்ணா என்ற சொல்லில் போய் மாட்டிக்கொண்டான், மகள் தன்னை அண்ணா என்கிறாள் என்று சிரிப்புக்கூட வந்தது, சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்குத் தெரியாமல். அவர் இருந்தால். அவர். பின்னால ஒண்ணு வருது என்று கத்தின அதே பிள்ளை. எவ்வளவு நாளாக இந்த நினைப்பு இருந்திருக்கும், போன வாரம் மட்டுமா, அதற்கு முன்பே இருந்து, புள்ளி கிடைத்ததால் பொறுத்துக்கொண்டிருந்தாளா. கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தான், வரவில்லை, ஒரே அசதியாக இருந்தது, படுத்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. திரையின் மூலையில் சிவப்பாக ஒரு கட்டம் மின்னியது. சின்ன வயசு ஆட்டக்காரர் ஒருவர், பெரியவர் ஒருவரிடமிருந்து தெரியாமல் விலக வேண்டும் என்று எழுதினால் ஒரு கேள்வி கட்டாயம் கேட்டே ஆக வேண்டும், கேட்காமல் மேலே போக முடியாது. அவள் ஆமாம் என்றால் கல்தூணை அந்த நிமிஷமே முடக்கிவிடும். அந்த விதி நல்ல விதி, எத்தனையோ பெண் பிள்ளைகளுக்காக இவனே நிம்மதியோடு அந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறான். விரல் விசை மேல் இருந்தது, விசை குளிர்ந்திருந்தது.

"அந்த ஆட்டக்காரரால் உங்களுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா? தயங்காமல் சொல்லலாம்."

அவள் எழுதுகிறாள் என்று மூன்று புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடி துடித்தன. அந்த இடைவெளியில் நல்லசிவம் தன் பக்கம் இருந்த எல்லா வெள்ளிக்கிழமையையும் எடுத்துப் புரட்டிவிட்டான், எங்கேயாவது குரலை உயர்த்தினேனா, அம்மாவைப் பற்றி ஏதாவது கேட்டு வைத்தேனா, ஒரு தடவை போதும்பா தூங்கணும் என்றபோது இன்னும் ஒரே ஒரு நண்டு என்றது தொந்தரவில் சேருமா.

"ஐயோ இல்லண்ணா. ரொம்ப நல்லவர். அதான் கஷ்டம்."

அப்புறம் மடை திறந்த மாதிரி வந்தது. வகுப்புப் பெண்கள் எல்லோரும் தீவுக்குப் போய்விட்டார்களாம், அங்கே போக முப்பது லெவல் வேண்டுமாம், இவள் ஒருத்திதான் இன்னும் சதுப்பிலேயே நிற்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்ததும் மத்தியானச் சாப்பாட்டில் அவர்கள் பேசுகிற எதுவும் இவளுக்குப் புரிவதில்லையாம். அவர்களோடு சேர்ந்து ஆடினால் சீக்கிரம் ஏறிவிடலாம், அவர்கள் ஆடுவதும் வெள்ளிக்கிழமைதான். நல்லசிவம் படித்துக்கொண்டே வந்தான். இவ்வளவு நீளமாக அவள் தன்னிடம் எதையும் சொன்னதில்லை என்பது நடுவில் உறைத்தது. சாப்பாட்டு மேசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்தான். பொட்டலம் எதுவும் கைக்கு வரவில்லை. சொந்தமாக எழுதினான்.

"அவரிடமே நேராகச் சொல்லிப் பாருங்களேன். புரிந்துகொள்வார்."

"சொன்னா உடனே சரின்னுடுவாருண்ணா. அப்புறம் வெள்ளிக்கிழமை அவர் என்ன பண்ணுவார்? அவருக்கு வேற யாரும் இல்ல."

அப்படியென்றால் போன வாரம் அந்த ஒரு மணி நேரம் அவள் நின்றது எதற்காக. புள்ளி இல்லை, போகிற தீவு இல்லை, அசையாமல் நின்றாள், தூக்கமில்லை என்றாள், பரவால்லப்பா என்றாள். இவன் என்னவோ கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்துப் பூரித்துப்போயிருந்தான், பிள்ளை வாரா வாரம் தன் விடுமுறையில் ஒரு மணி நேரத்தை இவனுக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அழுகை வந்தது. அலுவலகத்தில் அழுதால் தும்மல் மாதிரி காட்டிக்கொள்ள வேண்டும், தும்மினான். அப்புறம் வேகமாக எழுதினான், யோசித்தால் எழுத முடியாது என்று தெரிந்து எழுதினான், திருப்பிப் படிக்கவில்லை.

"நீங்கள் வெளியே வந்தால் அவருக்குச் செய்தி போகும். அவராகவே விலகினால் ஒரு சிக்கலும் இல்லை. கவலைப்பட வேண்டாம். உங்கள் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் வேறு வேலை இருக்கும்."

போயிற்று. போன பிறகுதான் கண் அந்தச் சொல்லில் விழுந்தது. அனுப்பியதைத் திரும்ப எடுக்க அங்கே வசதி கிடையாது, வேண்டும் என்று கேட்டு எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். மூன்று புள்ளிகள் துடிக்கவே இல்லை. மலையாள நாற்காலியில் யாரோ சிரித்தார்கள். துடித்தன.

"நான் அப்பான்னு எழுதவே இல்லையே."

இவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்பா?"

"ஆமா கண்ணு."

"இங்கதான் வேலை பாக்கறீங்களா?"

"ஆமா."

"நான் எழுதினது எல்லாம் படிச்சுட்டீங்களா?"

"படிச்சுட்டேன்."

"சாரிப்பா."

இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து வருந்துகிறோம் என்று கம்பெனியின் சார்பில் இவன்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறான், அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் இதுவரை வருந்தியதில்லை. நாளைக்கு வர்றேன் என்று எழுதினான், அழித்தான். நாளைக்கு மட்டும் என்று எழுதினான், அதையும் அழித்தான். ஒரு வெள்ளிக்கிழமை, கடைசியாக ஒரே ஒரு வெள்ளிக்கிழமை கேட்டால் கொடுத்துவிடுவாள், அவள் கொடுத்துவிடுவாள் என்பதுதான் கேட்க முடியாமல் செய்தது.

"சாரி எல்லாம் எதுக்கு கண்ணு. நாளையிலிருந்து நீ உன் பிரண்ட்ஸோட போய்ச் சேந்துக்கோ. நான் இப்பவே பார்ட்டிய விட்டு வந்துடறேன். எனக்கும் இங்க வேலை நெறைய இருக்குது."

அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். வேண்டாம்பா என்பாள். இந்த ஒரு வாரம் மட்டும் வாங்க என்பாள், இவன் அதெல்லாம் முடியாது என்று கொஞ்சம் பிகு பண்ண வேண்டும், அவள் கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது, என்ன சொல்லி மறுப்பது என்பதைக்கூட ஒருமாதிரி யோசித்து வைத்தாயிற்று. அதற்குள் பதில் வந்துவிட்டது.

"சரிப்பா."

அவள் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம் என்றிருந்தது அவனுக்கு.